நடுப்பக்கத்தில் திருத்தம் கிடையாது

'ஊர்த்தீபம்' நாளிதழின் நடுப்பக்கத்தை மரக்காணத்தில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிற ஒரே ஆள் நூருல்லா பாய்தான் என்று பேப்பர் ஏஜெண்ட் மண்ணாங்கட்டி சொல்வார். மற்றவர்கள் சாவுச் செய்தியும் மழைச் செய்தியும் ராசிபலனும் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பஜ்ஜி மடிக்கக் கொடுத்துவிடுவார்கள். நூருல்லா அப்படியில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உப்பளக்காரர்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் சாக்கும் விற்கிற கடை அவருடையது. காலையில் உப்பளத்துக்குப் போகிற கூட்டம் கடந்துவிட்டால் அப்புறம் கடைக்கு வருவது உப்புக்காற்று மட்டும்தான். அப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுப்பக்கத்தை விரிப்பார். பெரிய மனிதர்கள் பெரிய விஷயங்களைப் பற்றி எழுதுகிற பக்கம் அது. பாதி புரியாது. ஆனால் படித்து முடித்ததும் ஒரு நல்ல சபையில் உட்கார்ந்துவிட்டு எழுந்துவந்த மாதிரி இருக்கும் என்பார்.

அந்தப் பக்கத்தில்தான் 'விழித்திரு பெரியோரே' தொடர் வந்தது. எழுதியவர் அசோகன். அரசுத் துறையொன்றில் இணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுமாதமே மூத்தோர் விழிப்புப் பேரவையை நிறுவி அதற்குத் தலைவரும் ஆனவர். ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெற்ற பிள்ளையின் குரலிலேயே பேசி முதியவர்களை ஏமாற்றுகிற கும்பல் பெருகிவிட்டது. முதியவர்கள் அரசு அறிவிப்பைப் படிப்பதில்லை, போனில் வருகிற எச்சரிக்கையை நம்புவதில்லை, ஆனால் பேப்பரின் நடுப்பக்கத்தை மட்டும் நம்புகிறார்கள். ஆகவே அவர்களை நடுப்பக்கம்தான் காப்பாற்ற வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஒவ்வொரு வியாழக்கிழமையும் காப்பாற்றினார்.

மோசடிக் குரலை அடையாளம் காணும் வழிகளை அவர் வரிசையாக எழுதியிருந்தார். தெரியாத நம்பரிலிருந்து வரும். என் போன் உடைந்துவிட்டது என்று சொல்லும். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொல்லும். அழுதால் நம்பாதீர்கள், அழாவிட்டால் இன்னும் நம்பாதீர்கள். இதற்கு அவர் கண்ட மருந்து ஒரு ரகசிய வார்த்தை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு வார்த்தையை வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பவர் அதைச் சொல்லாவிட்டால் அவர் மனிதரல்ல, இயந்திரம். அடுத்த வரி தடித்த எழுத்தில் இருந்தது: 'இந்த வார்த்தையை எக்காரணம் கொண்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.'

நூருல்லா அன்றைக்கே ஒரு வார்த்தையை முடிவு செய்தார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மெஹரூன்னிசாவிடமும் சொல்லவில்லை. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிற ஒரே மகன் தவுசீப்பிடமும் சொல்லவில்லை.

"யாருக்கும் தெரியாத வார்த்தைய யாருங்க வந்து சொல்லுவாங்க?" என்று சோறு போடும்போது மெஹரூன்னிசா கேட்டார்.

நூருல்லா தடித்த எழுத்தைச் சுட்டிக்காட்டினார். படிக்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு இதையெல்லாம் விளக்குவது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்குள், ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்தப் போன் வந்தது. தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நம்பர் தெரியாத நம்பர். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தா, நான் தவுசீப் பேசறேன். என் போன் உடைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரில இருக்கேன்."

கட்டுரையில் இருந்த வரிசை மாறாமல் வந்தது. நூருல்லாவுக்கு வந்தது பயமில்லை. இத்தனை வருஷம் நடுப்பக்கம் படித்ததற்கு முதல்முறையாக அந்தப் பக்கம் தன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்கிற பரபரப்பு. நிதானமாக ரகசிய வார்த்தையைச் சொல்லச் சொன்னார்.

"என்ன வார்த்தை அத்தா?"

"தெரியாதுல்ல?"

"மூச்சு வாங்குது அத்தா. அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க."

மெஹரூன்னிசா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து போனுக்காகக் கையை நீட்டியபடி நின்றார். வீட்டில் உள்ள மற்றவர்களையும் பேச்சுக்குள் இழுப்பார்கள் என்று கட்டுரையில் இருந்தது. நூருல்லா போனைக் கட் செய்தார்.

"அது அவன்தாங்க" என்றார் மெஹரூன்னிசா.

அப்படித் தோன்ற வைப்பதுதான் இயந்திரத்தின் வேலை என்று நூருல்லா பொறுமையாக விளக்கினார். சளி பிடித்து மூக்கடைத்துப் பேசினாலும் அவன் குரல் தனக்குத் தெரியும் என்றார் மெஹரூன்னிசா. தவுசீப்பின் நம்பருக்கு அடித்துப் பார்க்கச் சொன்னார். சுவிட்ச் ஆஃப். அதுவும் கட்டுரையில் இருந்தது. அதற்குள் அதே தெரியாத நம்பர் திரும்ப அடித்தது. மறுபடியும் அடித்தது. இதற்கு மேலும் தொல்லை கொடுத்தால் பிளாக் செய்யுங்கள் என்று எழுதியிருந்தது, செய்தார். கொஞ்ச நேரத்தில் வேறொரு தெரியாத நம்பர் அடித்தது, அதையும் செய்தார்.

சாயங்காலம் கடைக்கு வந்த மண்ணாங்கட்டியிடம் நடந்ததைச் சொன்னார். மண்ணாங்கட்டி பேப்பர் போடுவதோடு பேப்பருக்குச் செய்தி அனுப்புகிற ஆளும்கூட. "இன்னா பாய், இது சாதாரண மேட்டரா?" என்று அங்கிருந்தே பேரவைக்குப் போன் போட்டார். மறுநாள் காலை நடுப்பக்கத்தில், தொடருக்கென்று ஒதுக்கிய கட்டத்துக்குள், 'மரக்காணத்தில் முறியடிக்கப்பட்ட குரல்' என்ற தலைப்பில் அசோகன் எழுதிய குறிப்பு வந்தது. 'ஷார்ஜாவில் நலமுடன் பணிபுரியும் தன் மகனின் குரலில் பேசிய இயந்திரத்தை, பணம் கேட்பதற்கு முன்பே கண்டுபிடித்துத் துண்டித்தார் வணிகர் நூருல்லா.'

அந்தக் காலை அவர் வாழ்க்கையிலேயே நல்ல காலை. டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. உப்பளத்துக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். கோட்டக்குப்பத்திலிருந்து வருவதாகவும், தவுசீப்போடு ரூமில் தங்கியிருப்பவரின் அண்ணன் என்றும் சொன்னார். தம்பி நேற்றிலிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்த்தும் போகவில்லை, அதனால் நேரிலேயே வந்தேன் என்றார்.

நேரில் வருகிற ஆளையும் அடையாளம் கேட்காமல் நம்பக்கூடாது என்று மூன்றாவது கட்டுரையில் இருந்தது. நூருல்லா ஆதார் கார்டு கேட்டார். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு பர்ஸைத் திறந்து கார்டை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். நூருல்லா போட்டோவையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துச் சரி என்று தலையாட்டியதும்தான் அந்த மனிதர் சொன்னார்.

"கிடங்குல ரேக் சாஞ்சிடுச்சு பாய். ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நர்ஸோட போன வாங்கி உங்களுக்குத்தான் பேசியிருக்கான். ராத்திரி மவுத் ஆயிட்டான்."

உடலை ஊருக்குக் கொண்டுவர முடியாத நிலை என்றார்கள். ஜனாஸா தொழுகை ஷார்ஜாவிலேயே நடந்தது. அடக்கம் செய்வதற்கு முன்னால் எடுத்த முகத்தின் போட்டோ ஒன்று வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் வந்து போனார்கள். நூருல்லா போனைத் துண்டித்ததைப் பற்றி மெஹரூன்னிசா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நூருல்லாவுக்குப் பதில் சொல்லவாவது ஒரு இடம் கிடைத்திருக்கும்.

மெஹரூன்னிசா வேறொன்று செய்தார். போனைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுத்தார். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண், பிளாட் வாங்குகிறீர்களா என்று கேட்கிற பையன், பதிவு செய்த விளம்பரக் குரல், எல்லாவற்றையும் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டார். எதிர்முனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். அடுத்த அறையில் படுத்திருக்கிற நூருல்லாவுக்கு அந்த அமைதி கேட்கும். அதற்குள்ளிருந்து 'என்ன வார்த்தை அத்தா?' என்றொரு குரல் வரும். கோபமோ கெஞ்சலோ இல்லாத குரல். உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற குரல்.

ஒருநாள் மெஹரூன்னிசா தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "பேப்பர்ல போட்டத பேப்பர்லயே மாத்தச் சொல்லுங்க. என் புள்ள எனக்குப் போன் பண்ணான்னு வரட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மாற்றச் சொல்ல நூருல்லா புறப்படுவதற்குள் பேரவையே வீட்டுக்கு வந்துவிட்டது. அசோகன் கையில் பொன்னாடையும் 'விழிப்பு விருது' என்று பொறித்த கேடயமும் இருந்தன. பின்னால் லேப்டாப் பையோடு பேரவையின் தொழில்நுட்பச் செயலாளர் ரேகா. அதற்கும் பின்னால் போட்டோ எடுக்க மண்ணாங்கட்டி. அவர் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. நூருல்லா விருதை வாங்காமல், அன்றைக்குப் பேசியது தன் மகன்தான், மகன் இறந்துவிட்டான் என்று சொன்னார்.

அசோகன் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். நல்ல கேட்பாளர் என்று பெயர் வாங்கியவர்.

"இதைத்தான் பாய் நாங்க இரண்டாம் கட்டம்னு சொல்றோம். முதல் கட்டத்துல தோத்துப் போனவன் சும்மா இருக்க மாட்டான். நீங்க உடலைப் பாத்தீங்களா?"

இல்லை, போட்டோ வந்தது என்றார் நூருல்லா.

"போட்டோ." அசோகன் ரேகாவைத் திரும்பிப் பார்த்தார். ஆறாவது கட்டுரை முழுக்கப் போட்டோவைப் பற்றித்தான் என்றார். இறப்புச் சான்றிதழ் இருக்கிறது என்றார் நூருல்லா. ஏழாவது சான்றிதழைப் பற்றி என்றார் அசோகன். கோட்டக்குப்பத்துக்காரர் நேரில் வந்து சொன்னாரே என்று கேட்டதற்கு, அவரும் பாவம் ஏமாந்தவராக இருக்கலாம் என்று இரக்கத்தோடு சொன்னார்.

"எதுக்கும் மனசைத் தளர விடாதீங்க. ஒருவேளை உங்க மகன் நல்லாவே இருக்கலாம்."

அவர்கள் போன பிறகு அந்த ஒருவேளை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. நூருல்லா அதைத் துரத்திப் பார்த்தார். முடியவில்லை. அந்தப் போன் பொய் என்றால் மகன் உயிரோடிருக்கிறான். தான் செய்ததும் சரி. போன் உண்மை என்றால் இரண்டும் இல்லை. ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல பேரத்தை யாரும் கொடுத்துவிட முடியாது. இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து, பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பையனின் நடையையும் பார்த்தார். மூன்றாம் நாள், அவர் சொல்லாமலேயே மெஹரூன்னிசாவுக்குப் புரிந்தது.

"அந்த ஆள இனிமே வீட்டுக்குள்ள வுடாதீங்க" என்றார். "செத்த புள்ளைய மறுபடி மறுபடி சாக வைக்கறாரு."

நூருல்லா பஸ் ஏறிப் புதுச்சேரியில் இருக்கிற 'ஊர்த்தீபம்' அலுவலகத்துக்குப் போனார். நடுப்பக்கத்துக்குப் பொறுப்பாளர் சந்தியா என்றொரு பெண். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். மகன் இறந்ததற்கு வருத்தம் சொன்னார். நிஜமாகவே கண் கலங்கினார். பிறகு விதியைச் சொன்னார்.

"செய்தின்னா திருத்தம் போட்டுருவோம் சார். இது கருத்துப் பக்கம். கருத்து தப்பாக முடியாதுல்ல?"

மகன் நலமாக இருக்கிறான் என்று போட்டது கருத்தா என்று கேட்டார் நூருல்லா. அது கட்டுரையாளரின் நம்பிக்கை, அதற்கு நாளிதழ் பொறுப்பல்ல என்று பக்கத்தின் அடியிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறோம் என்றார் சந்தியா. கட்டுரையாளரைக் கேட்டால் அது பேரவையின் நிலைப்பாடு என்பார். பேரவையைக் கேட்டால் வாசகர் தம் சொந்த அறிவைப் பயன்படுத்த வேண்டும் என்பார்கள். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. எதிர்வினை எழுதிக் கொடுங்கள், வாசகர் பகுதியில் போடுகிறேன் என்றார்.

அங்கேயே உட்கார்ந்து நூருல்லா எழுதினார். சந்தியா அதைத் தட்டச்சு செய்து ஒரு மென்பொருளில் போட்டார். நடுப்பக்கத்துக்கு வருகிற எழுத்தை மனிதர்தான் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்று சோதிக்கிற மென்பொருள்; பேரவையின் பரிந்துரைப்படி வாங்கியது. திரை சிவப்பானது. பெரும்பாலும் இயந்திரம் என்று வந்தது.

"நான் உங்க முன்னாடிதானே எழுதினேன்?" என்றார் நூருல்லா.

பார்த்தேன் சார் என்றார் சந்தியா. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதால் மென்பொருள் அப்படிச் சொல்கிறது என்று விளக்கினார். 'அது என் மகன்தான்' என்பது ஏழெட்டு இடத்தில் இருந்தது. இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எதை எடுப்பது என்று நூருல்லாவுக்குத் தெரியவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு நாளில் அசோகனே கடைக்குப் போன் செய்தார். விஷயம் காதுக்கு வந்தது, பேரவை யாருடைய மனத்தையும் புண்படுத்த நினைக்கவில்லை, மகனின் குரல் பதிவுகள் இருந்தால் அனுப்புங்கள், நிபுணர்களைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறோம், அன்றைக்குப் பேசியது மகன்தான் என்று தெரிந்தால் நடுப்பக்கத்திலேயே எழுதுகிறேன் என்றார். மெஹரூன்னிசா முதலில் மறுத்தார். பேப்பரில் வரும் என்று நூருல்லா சொன்னதும் போனை நீட்டினார். தவுசீப் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல் செய்திகள் எல்லாமே போயின: பெருநாள் வாழ்த்து, நெத்திலிக் கருவாடு அனுப்பச் சொன்னது, அம்மாவை முட்டிக்கு டாக்டரிடம் போகச் சொல்லித் திட்டியது.

பதில் வரவில்லை. அழைப்பிதழ் வந்தது. பேரவையின் மண்டல மாநாடு மரக்காணம் கல்யாண மண்டபத்தில் நடக்கிறது, முடிவு மேடையில் அறிவிக்கப்படும் என்றிருந்தது. நூருல்லா தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். மெஹரூன்னிசாவும் கூட வந்தார். மகன் இறந்த பிறகு அவர் தெருவில் இறங்கியது அன்றைக்குத்தான்.

மண்டபம் நிறைந்திருந்தது. அனுமந்தைப் பக்கத்திலிருந்தும் உப்பளத்திலிருந்தும் வயதானவர்களை வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். மதியத்துக்குப் பிரியாணி என்று சொல்லியிருந்தார்கள். உப்புப் பாத்தியில் நின்று வெடித்த கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் உறுதிமொழி. வலது கையில் போனை உயர்த்திப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். அசோகன் சொல்லச் சொல்லக் கூட்டம் சொன்னது. தெரியாத குரலை நம்ப மாட்டோம். தெரிந்த குரலை அதைவிட நம்ப மாட்டோம். அழுகிறவரை நம்ப மாட்டோம். வீடு தேடி வருகிறவரை நம்ப மாட்டோம். நானூறு தொண்டையில் அந்த 'நம்ப மாட்டோம்' எழும்பி, மண்டபத்தின் தகரக் கூரையில் மோதி, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. போன் இல்லாதவர்கள் வெறுங்கையை உயர்த்தியிருந்தார்கள்.

பிறகு நூருல்லாவை மேடைக்கு அழைத்தார்கள். பெற்ற மகனையே நம்பாத தந்தை என்று அசோகன் அறிமுகம் செய்தார். கைதட்டல். ஒரு சமூகம் பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் நூறு உண்மையான அழைப்பு அறுபட்டாலும் பரவாயில்லை, ஒரு பொய்யான அழைப்பு நுழைந்துவிடக் கூடாது என்றார். "விதிவிலக்குகள் இருக்கலாம். அவங்களுக்கு நம்ம அனுதாபம். ஆனா விதிவிலக்குக்காக விதியை எழுத முடியாது" என்று சொல்லி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அடுத்து நேரடி விளக்கம் என்று ரேகாவுக்குச் சைகை காட்டினார்.

ரேகா விசையைத் தட்டினார். பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டிலும் அது வந்தது.

"அத்தா, நான் தவுசீப். என் போன் உடைஞ்சிடுச்சு. உடனே பணம் அனுப்புங்க அத்தா."

அனுப்பிய பதிவுகளை வைத்து இப்படியொரு குரலைச் செய்யப்போவதாக நூருல்லாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் மெஹரூன்னிசா எழுந்து நிற்பது தெரிந்தது. அந்தக் குரலில் எல்லாம் இருந்தது. 'அத்தா'வை முடிக்கிற இடத்தில் வருகிற லேசான கரகரப்புகூட இருந்தது.

"இது என் புள்ள இல்ல" என்றார் நூருல்லா.

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசைக் கிழவர்கள் எழுந்து தட்டினார்கள். "அன்னிக்குப் பேசினதுதான் என் புள்ள" என்று அவர் அடுத்துச் சொன்னது கைதட்டலுக்குள் போய்விட்டது. மறுபடி சொன்னார். அதற்குள் மைக் அசோகன் கைக்குப் போயிருந்தது. பாருங்கள், இரண்டாவது தடவையும் ஏமாறவில்லை என்றார் அவர். பொன்னாடை நூருல்லாவின் தோளில் விழுந்தது. ஒப்பீட்டின் முடிவு என்ன என்று அதற்கடியிலிருந்து கேட்டார். இதுதான் முடிவு என்றார் அசோகன், போட்டோவுக்குச் சிரித்தபடி.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது. ஆண்கள் பக்கம் காலியான பிறகு நூருல்லா மேடையிலிருந்து இறங்கினார். மேடையோரத்தில் ரேகா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு மெஹரூன்னிசா உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்றார் நூருல்லா.

"நீங்க வெளிய இருங்க."

ரேகா சுருட்டுவதை நிறுத்திவிட்டு, மன்னிச்சிடுங்கம்மா, உங்களிடம் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். அதை இப்போதே அழித்துவிடுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தார்.

"அழிக்காத" என்றார் மெஹரூன்னிசா. "அது அவன் இல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவ பேசச் சொல்லு. அத்தான்னு வேணாம். பணம்னு வேணாம்."

"என்ன பேசணும்மா? சொல்லுங்க, டைப் பண்றேன்."

மெஹரூன்னிசா சொன்னார்.

நூருல்லா வாசற்படி தாண்டி வெளியே வந்து நின்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. குவித்த உப்பின் மேல் போட்டிருந்த தார்ப்பாய்கள் காற்றில் தூக்கித் தூக்கி அடங்கின. அவருக்குப் பின்னால், ஒலியைக் குறைத்து வைத்த ஒலிபெருக்கியில், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி அது கேட்டது.

"அம்மா."

"சொல்லு தவுசீப்" என்றார் மெஹரூன்னிசா.

அதற்கு மேல் யாரும் எதையும் டைப் செய்திருக்கவில்லை. ரேகாவின் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றன. மெஹரூன்னிசா காதைச் சற்று முன்னால் கொடுத்து, அவன் பேசட்டும் என்று காத்திருந்தார்.